பள்ளி முதலில், கோயில் அப்புறம்

2025 ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று புனித யோசேப்பு கலசான்ஸ் திருநாள். 1597இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்த குருவானவர். டிராஸ்டெவெரே பகுதியில் ஒரு கோயிலை ஒட்டிய அறைகளில் அந்தப் பள்ளி தொடங்கியது. எங்கள் கதை அதற்கு நேர்மாறு. எங்களுக்குக் கோயிலே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள்தான் கோயில் இருந்தது.

எங்கள் பங்கின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கச் சமூகம்) ஆண்டு விழாவுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டிருக்கிறார். முதல் ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. மலரில் எனக்கு இரண்டு பக்கம். மனதில் கிடப்பதெல்லாம் அதில் அடங்காது. மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இப்போதும் கை பரபரக்கிறது. கூடத்தை இரண்டாகப் பிரித்த மரத்தடுப்பை மடக்கி, இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி, பெஞ்சுகளைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போடுவோம். எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. ஞாயிறு திருப்பலியில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

கரும்பலகையை அழிக்க விடமாட்டார் மூன்றாம் வகுப்பு சிஸ்டர். திங்கள் காலை பிள்ளைகளுக்கு அது வேண்டும். அதனால் பீடத்துக்குப் பின்னால் ஏழாம் வாய்ப்பாடு அப்படியே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் விசுவாசப் பிரமாணம் சொன்னோம்.

ஒரே ஒரு வருத்தம் இருந்தது. நற்கருணைப் பேழை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் பெட்டி, நிலையாகப் பதித்து, உறுதியாக, பூட்டி வைக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வகுப்பறையில் அதற்கு வழியில்லை. திருப்பலி முடிந்ததும் மிஞ்சிய நற்கருணையை ஃபாதர், நாங்கள் அப்போது சேர்ந்திருந்த தாய்ப்பங்குக்கே எடுத்துப் போய்விடுவார். வீட்டுக்கு வந்தவர் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் கிளம்புவது போல இருக்கும்.

செப்டம்பர் 6, சனி

‘கோயிலைக் கட்டாமல் எதற்குப் பள்ளியைக் கட்டினீர்கள்?’ என்று இளைஞர் குழுவில் ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் பேராயராக இருந்த ஜான் ஹியூஸ், முதலில் பள்ளியைக் கட்டுங்கள், கோயிலைப் பிறகு கட்டலாம் என்று சொன்னவர். 1884இல் அமெரிக்க ஆயர்கள் கூடிய பால்டிமோர் சங்கம், கோயில் இருக்கும் இடமெல்லாம் அருகிலேயே இரண்டு ஆண்டுக்குள் பள்ளி வேண்டும் என்று தீர்மானித்தது. அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு.

குடியேறி வந்த குடும்பங்கள்தான் அத்தனை பேரும். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கோயிலுக்குப் போய்வந்தார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவரும் கத்தோலிக்கர் என்பதே பலருக்குத் தெரியாது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்து நின்றபோதுதான் முகம் பழகியது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் போவாள். அப்படிப் போய்வந்த வீடுகளில் ஜெபமாலை தொடங்கியது. ஜெபமாலைக்கு வந்தவர்கள்தான் பாடகர் குழுவானார்கள், அவர்கள்தான் தனிப் பங்கு கேட்டு ஆயருக்கு (பிஷப்) மனு எழுதினார்கள். முதலில் கோயிலைக் கட்டியிருந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மலர்க் குழுவினர் ‘நாம் தொடங்கிய பங்கு’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். மாற்றச் சொன்னேன். பங்கை நிறுவும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கு மட்டுமே உண்டு. அதற்கு முன் குருக்கள் மன்றத்தின் கருத்தையும் அவர் கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 515ஆம் எண். கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயரைக்கூடத் திருச்சபை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே 515, பங்கு என்றால் விசுவாசிகளின் நிலையான சமூகம் என்கிறது. கட்டடம் என்று சொல்லவில்லை. பங்கை நிறுவி ஆயரின் ஆணைக் கடிதம் வந்த அன்று அந்தச் சமூகம் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிற சமயப் பிள்ளைகளைச் சேர்ப்பதா என்று அப்போது பெரிய வாக்குவாதம். இடமோ குறைவு, நம் பிள்ளைகளுக்கே பற்றாது என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. தலைமையாசிரியை சிஸ்டர், கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) வெளியிட்ட ஏட்டை எடுத்து வந்து 9ஆம் பத்தியை வாசித்தார். கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் படிக்கும் பள்ளிகளும் திருச்சபைக்கு மிகப் பிரியமானவை என்று அதில் இருக்கிறது. சரி, சேர்ப்போம் என்று முடிவானது. கோயில் கட்டும்போது அந்தப் பெற்றோரில் பலர் எங்களோடு நின்று செங்கல் கைமாற்றினார்கள்.

அக்டோபர் 4, சனி

பங்கு அலுவலகத்தில் முதல் திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பதிவேட்டைப் பார்க்கக் கொடுத்தார்கள். அட்டை பிய்ந்திருக்கிறது, மை மங்கவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் ஓர் ஓரக் குறிப்புப் பகுதி உண்டு. உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் அந்தந்தப் பெயருக்கு நேரே ஏற வேண்டும். எந்த ஊரில் தாலி கட்டினாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் வந்துவிடும். முதல் பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் தம்பி. ஓரத்தில் நான்கு விதமான கையெழுத்தில் அவன் வாழ்க்கை இருக்கிறது. கடைசியாக ஏறியது குருப்பட்டம். கூடத்துப் பெஞ்சின்மேல் பிளாஸ்டிக் தொட்டி வைத்து அவன் தலையில் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவள் நான். அந்தப் பக்கத்தை விட்டு வெகுநேரம் விரல் எடுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சிஸ்டர் வாசித்துக் காட்டிய அந்த வத்திக்கான் சங்க ஏடு வெளிவந்து இன்றோடு 60 ஆண்டு. 1965 அக்டோபர் 28. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று சொன்ன ஏடு.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் மூன்று பக்கம் இருக்கிறது. பெஞ்சு தூக்கியவர்கள், கூடம் பெருக்கியவர்கள், பிள்ளைகளை வீடு சேர்த்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஃபாதரிடம் கேட்டேன். ‘நீங்களே எழுதிக் கொடுங்கள் டீச்சர், போட்டுவிடலாம்’ என்றார். பழைய தாய்மார் சிலரை ஞாயிறு பூசை முடிந்ததும் இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நினைவு நன்றாக இருக்கிறது. ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது.