இலவச பாட்டிலும் மாதம் 2,999 ரூபாயும்

வங்கியிலிருந்து கேஒய்சி கேட்கிறார்கள் போல என்று நினைத்துத்தான் சித்தி அந்த எஸ்எம்எஸ்ஸை என்னிடம் காட்டினாள். படித்துப் பார்த்தால் விஷயமே வேறு. மறுநாள் அவள் கணக்கிலிருந்து 2,999 ரூபாய் எடுக்கப்போவதாக முன்னறிவிப்பு. யாருக்குப் போகிறது என்ற இடத்தில், மருந்துக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கம்பெனிப் பெயர்.

"நான் 99 ரூவாதான் மக்களே குடுத்தேன். அதும் கொரியர் செலவுக்கு. எண்ணெய் சும்மா தாறோம்னுதான் போட்டிருந்தான்."

சித்தி குலசேகரம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் முந்திரி உடைத்து உடைத்து முட்டும் இடுப்பும் போய்விட்டன. நாட்டு வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவினாள், கொஞ்ச நாள் தேவலாம், மறுபடி அதே வலி. அப்படி இருக்கும்போது ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் தமிழில் பேசுகிறார். இமயமலை ஹெம்ப் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய், மூட்டுவலி, தூக்கமின்மை, சர்க்கரை எல்லாம் தீரும், முதல் பாட்டில் இலவசம், டெலிவரிக்கு மட்டும் 99. ஹெம்ப் என்பது கஞ்சா செடியில் ஒரு வகை, சிபிடி அதில் இருக்கும் போதை தராத ஒரு பொருள். சித்தி அமுக்கினாள். யுபிஐ ஆப் திறந்தது. பின் நம்பர் போட்டாள். அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

முதலில் செய்ய வேண்டியது பணம் போகாமல் நிறுத்துவது. மற்றதெல்லாம் அப்புறம். அவள் போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து, முகப்புப் படத்தைத் தட்டி, கீழே தள்ளிக்கொண்டே போனால் 'ஆட்டோபே' என்று ஒரு இடம் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு பதிவு. இன்றைய தொகை 99, அதிகபட்சத் தொகை 2,999, மாதம் ஒருமுறை, முடியும் தேதி இன்னும் பல வருடம் தள்ளி. சித்தி பின் நம்பர் போட்ட அந்தத் திரையிலேயே இதெல்லாம் இருந்திருக்கிறது, ஆனால் 99 மட்டும் பெரிய எழுத்தில், மீதி எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில். ரத்து செய்யும் பொத்தானை அமுக்கியதும் மறுபடி பின் நம்பர் கேட்டது. சித்தி கையை இழுத்துக்கொண்டாள். "இனியும் ரூவா போவுமா?" இது நிறுத்துவதற்கான பின் என்று திரையில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் போட்டாள். 'ரத்து செய்யப்பட்டது' என்று வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த எஸ்எம்எஸ் வந்திருக்காவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. இப்படி மாதாமாதம் தானாகக் கழிக்கிற ஏற்பாட்டில், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் பின் நம்பரோ ஓடிபியோ கேட்கப்படாது. ஆங்கிலத்தில் வருகிற வங்கி எஸ்எம்எஸ்ஸை நம் வீட்டுப் பெரியவர்கள் யார் படிக்கிறார்கள்?

அன்று ராத்திரி அந்த விளம்பரத்தின் பின்னால் இருந்த பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். மேலே பத்து நிமிடக் கடிகாரம் ஓடுகிறது, அது முடிந்தால் சலுகை போச்சாம். மூடித் திறந்தால் மறுபடி பத்து நிமிடம். நிபந்தனைப் பக்கத்தின் அடியில், 'சோதனைக் காலம் ஆர்டர் செய்த நாளிலிருந்து 14 நாள், அதற்குள் ரத்து செய்யாவிட்டால் மாதச் சந்தா தொடங்கும்' என்று ஒரு வரி. பார்சல் வந்து சேரவே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. சந்தாவுக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனி முகவரி இல்லை, குறைதீர் அலுவலர் பெயர் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இந்த இரண்டையும் கட்டாயம் போடச் சொல்கின்றன, முன்கூட்டியே டிக் போட்டுச் சம்மதம் வாங்குவதையும் தடுக்கின்றன. அனுப்புகிற செலவுக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு 'இலவசம்' என்று சொல்லக் கூடாது என்று 2022இல் வந்த விளம்பர வழிகாட்டுதல் சொல்கிறது. இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பதும், பொய்யான அவசரம் காட்டுவதும் 2023 நவம்பரில் அரசு வெளியிட்ட ஏமாற்று உத்திகளின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன.

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறு ஒரு வரியில். '2018 ஃபார்ம் பில் படி முழுக்கச் சட்டபூர்வமானது, டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கும் குறைவு.' டிஹெச்சி என்பது கஞ்சாவில் போதை தருகிற பொருள். ஃபார்ம் பில்லோ அமெரிக்கச் சட்டம். திருவட்டாறிலும் தக்கலையிலும் இருக்கிறவர்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. பக்கத்திலேயே 'எஃப்டிஏ அங்கீகாரம்' என்று ஒரு முத்திரை. எஃப்டிஏ என்பது மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு. கஞ்சா செடியிலிருந்து எடுத்த சிபிடி மருந்தாக எஃப்டிஏ அனுமதித்தது ஒன்றே ஒன்றுதான், எபிடியோலெக்ஸ், 2018இல், அதுவும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு. மூட்டுவலிக்கு இல்லை, சர்க்கரைக்கு இல்லவே இல்லை. சர்க்கரையைக் குணமாக்கும் என்று நம் நாட்டில் விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம்.

மறுநாள் பணம் போகவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம் என்று சொன்னேன். அங்கேதான் சித்தி நின்றுவிட்டாள்.

"போலீசுக்கெல்லாம் போகண்டாம் மக்களே. அது கஞ்சா எண்ணெயாம். நம்மளப் பிடிச்சு உள்ள வச்சிருவான். ஆருட்டயும் சொல்லாத."

எனக்குப் புரிந்தது அப்போதுதான். இந்தக் கூட்டம் வேறு எந்தச் சாமானையும் விட இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். இலவசச் சேலை, இலவச குக்கர் என்று ஏமாந்தால் பத்துப் பேரிடம் சொல்லித் திட்டுவோம். கஞ்சா என்ற சொல் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். அவர்களுக்கு அது போதும்.

ஆகவே சித்திக்குச் சட்டத்தை விளக்கியாக வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயுமான நுனிப்பகுதியை. அந்த நுனி சேராத வெறும் விதையும் இலையும் அந்த விளக்கத்துக்குள் வராது. விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021 நவம்பரில் அனுமதி கொடுத்தது, டிஹெச்சிக்கு வரம்பும் போட்டது: விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், விதை எண்ணெயில் 10. இலைச் சாறு 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக, ஆயுஷ் உரிமத்தோடு வருகிறது. ஆயுர்வேத மருந்து விதிகளில் நச்சுத்தன்மையுள்ள சரக்குகளின் பட்டியலில் கஞ்சா இலை இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அதன் லேபிளில் இருந்தாக வேண்டும்.

பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். கட்டைவிரல் அளவு, ரப்பர் மூடிச் சொட்டுக்குழாய், லேபிளில் பச்சை இலைப் படம், 'ஆயிரம் மில்லிகிராம்'. எதில் ஆயிரம்? சிபிடியா, எண்ணெயா, ஒன்றும் இல்லை. பேட்ச் எண் இல்லை. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இல்லை, ஆயுஷ் உரிம எண்ணும் இல்லை. ஆய்வக அறிக்கை என்று ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் மங்கலான ஒரு படம் வருகிறது, அதில் இருக்கும் பொருளின் பெயரே வேறு. உண்மையான அறிக்கை என்றால் பாட்டிலில் உள்ள பேட்ச் எண் அதிலும் இருக்கும், எந்த ஆய்வகம், எந்தத் தேதி, சிபிடி எவ்வளவு, டிஹெச்சி எவ்வளவு என்று இருக்கும். விதை எண்ணெயில் சிபிடி பேருக்குத்தான் இருக்கும். சமையலுக்கு வாங்குகிற அந்த எண்ணெயையே சொட்டுக்குழாயில் அடைத்து சிபிடி விலைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. ஒழுங்கான நாட்டில் வாங்கினாலும் நம்ப முடியாது என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஆன்லைனில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது ஏறக்குறைய 31 சதவீதத்தில் மட்டும். 18 பொருட்களில் டிஹெச்சியும் இருந்தது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சித்தி மெதுவாக இன்னொன்றைச் சொன்னாள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவள் மகனுக்கும் இடுப்புவலி. அந்த பாட்டிலை அவன் பெட்டியில் வைத்து அனுப்ப நினைத்திருக்கிறாள், முறுக்கும் ஏத்தங்காய் சிப்ஸும் வைக்கிற அதே பெட்டியில். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. என்ன இருக்கிறது என்றே தெரியாத எண்ணெய், மேலே கஞ்சா இலைப் படம், அதோடு அங்கே விமான நிலையத்தில் இறங்கினால் என்ன ஆகும்? அந்த நாடுகளின் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். டிஹெச்சி கலந்திருந்து அவன் சாப்பிட்டிருந்தால் சிறுநீர்ச் சோதனையிலும் மாட்டுவான், வேலையும் போகும். அண்ணனைக் கூப்பிட்டு அப்போதே சொன்னேன். அவன் அம்மையை ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினான்.

சில நாள் கழித்து நான் எதிர்பார்த்தது வந்தது. சித்திக்கு ஒரு போன். சுங்கத்துறை அதிகாரியாம். உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் கஞ்சா எண்ணெய், வழக்குப் பதிவாகியிருக்கிறது, வீடியோ காலில் வாருங்கள், வேறு யாரிடமும் பேசக் கூடாது. 99 ரூபாயோடு பெயர், விலாசம், போன் நம்பர், என்ன வாங்கினாள் என்பது வரைக்கும் கொடுத்தாயிற்று அல்லவா, அது கைமாறியிருக்க வேண்டும். முன்பாக இருந்தால் சித்தி நகையை அடகு வைத்தாவது கட்டியிருப்பாள். இந்தத் தடவை, "எனக்க மகள்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். வீடியோ காலில் கைது செய்கிற வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை, பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் இதைச் சொன்னார். அந்த நம்பரை சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்தேன்.

அதற்குப் பிறகு 1930க்குக் கூப்பிடுவதில் சித்திக்குத் தயக்கம் இல்லை. அவளே பேசினாள். அங்கே கேட்டது பணம் போன தேதி, தொகை, அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு உரிய 12 இலக்க யுடிஆர் எண், எந்த வங்கி. எதற்காக வாங்கினாய் என்று யாரும் அவளை மிரட்டவில்லை. பார்சல் கவர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், நிபந்தனைப் பக்கம், ரத்து செய்த ஆதாரம் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றினேன். விளம்பரத்தைப் பற்றி நுகர்வோர் உதவி எண் 1915லும் தனியாகச் சொன்னோம். வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக அந்த முத்திரை வேண்டும். கார்டு விவரம் கொடுத்தவர்களாக இருந்தால் கார்டையே முடக்கி மாற்றுவது நல்லது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும் என்பதால், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைக்க வேண்டும். 99 ரூபாய் திரும்பி வரவில்லை. புகார் எண் இருக்கிறது, அவ்வப்போது பார்க்கிறேன்.

வலி அப்படியேதான் இருந்தது, அதை விட்டுவிட முடியாது. நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் முதலில் கேட்டது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் மேசையில் வைத்தோம். சிபிடி கல்லீரலில் மற்ற மருந்துகள் கரைகிற வேகத்தை மாற்றிவிடும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து, கல்லீரலையே பாதிக்கவும் கூடும் என்று விளக்கினார். "இவங்களுக்கு இப்ப விஜயா தேவையில்ல. தேவைப்பட்டா நானே சீட்டு எழுதுவேன், உரிமம் உள்ள கடையில பில்லோட வாங்கலாம்" என்றார். முட்டுக்குத் தைலமும் கிழியும், உட்காரும் பலகையை உயர்த்தச் சொல்லி ஒரு அறிவுரையும். பலகையை அண்ணன் லீவு முடிவதற்குள் அடித்துக் கொடுத்துவிட்டான்.

சித்தி அண்டி ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னாள், கஞ்சா எண்ணெய் என்ற சொல்லையும் மறைக்காமல். ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போனபோது பெண்கள் போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பலருக்கு ஆட்டோபே பக்கம் காலியாக இருந்தது. ஒரு அக்காவுக்கு மட்டும் இரண்டு பதிவு. ஒன்று மகன் போட்ட போன் ரீசார்ஜ். மற்றது, எடை குறைக்கும் பொடி, இலவச சாம்பிள், டெலிவரி 49. அவள் கணக்கிலிருந்து ஏற்கெனவே மூன்று முறை போயிருந்தது. வங்கி ஏதோ கட்டணம் பிடிக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அதை ரத்து செய்துவிட்டு அங்கே இருந்தபடியே 1930ஐ அழைத்தோம், போனைச் சித்தி வாங்கி, எந்தெந்த விவரம் கேட்பார்கள் என்று அவளுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள்.