எந்தப் பனிநிலத்துக்கு எந்த ஸ்கீ?

படிப்புக்கோ வேலைக்கோ நோர்வே போகும் எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகள், முதல் குளிர்காலம் பாதி கழிவதற்குள் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மாமா, காட்டுக்கும் மலைக்கும் போகிறதென்றால் எந்த ஸ்கீ வாங்கலாம்?” பனியில் வழுக்கிச் செல்லக் காலில் பூட்டும் நீண்ட பலகைதான் ஸ்கீ. நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலையிலும், பிறகு ஒஸ்லோவிலும் கழிந்த ஆண்டுகளில் எனக்குப் பிடித்துப்போன ஒரே விளையாட்டு ஸ்கீ ஓட்டம் என்பதால், கல்லடிக்குத் திரும்பி வந்த பின்னும் இந்தக் கேள்விக்கு நான் ஆசையோடுதான் பதில் சொல்கிறேன். ஸ்கீயைப் பார்க்குமுன் நிலத்தைப் பாருங்கள் என்பதே என் பதில். ஈஸ்டர் விடுமுறையில் ஒருமுறை ஏறப்போகும் மலையை மனத்தில் வைத்து வாங்கினால், மற்ற எல்லா வார இறுதிகளிலும் அந்தப் பாரத்தைக் காலில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

கடையில் ஒவ்வொரு ஸ்கீயின் மேலும் மூன்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை முன்தலை, இடை, வால் ஆகியவற்றின் அகலத்தை மில்லிமீற்றரில் சொல்பவை. மாட்சுஸ் நிறுவனத்தின் இயோன் 83-62-70 என்றும், பிஷர் நிறுவனத்தின் எஸ்-பவுண்ட் 112 அதன் பெயர் சொல்வதுபோல 112-78-95 என்றும் வந்தன. முன்தலைக்கும் இடைக்கும் உள்ள வேறுபாடு முதலாவதில் 21 மில்லிமீற்றர், இரண்டாவதில் 34. இந்த வேறுபாடு கூடக்கூட ஸ்கீ எளிதாகத் திரும்பும். குறையக்குறைய நேராக ஓடும். எங்கள் வாவியில் ஒடுங்கிய நீளத் தோணிக்கும் அகன்ற குட்டைத் தோணிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஒஸ்லோவுக்கு வடக்கேயுள்ள நூர்மார்க்கா காடுதான் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு முதல் களம். அங்கே பெரும்பாலும் இயந்திரத்தால் இழுத்துவிட்ட பள்ளத்தடங்களில் போவீர்கள்; இடையிடையே தடத்தை விட்டு மரங்களுக்குள் இறங்குவீர்கள். முன்தலை ஏறக்குறைய 70 மில்லிமீற்றரைத் தாண்டிய ஸ்கீ அந்தப் பள்ளத்தின் சுவரில் உரசிக்கொண்டே போகும் என்பதால், அதற்குள் அடங்கும் ஒடுங்கிய ஸ்கீயே அங்கு பொருத்தமானது. தடம் இல்லாத காட்டில் முழங்கால் வரை தளர்ந்த பனி கிடக்குமானால் நிலைமை நேரெதிர்: அகன்றதும், மென்மையான முன்தலை உடையதும், சற்றுக் குட்டையானதுமான ஸ்கீ வேண்டும்.

ஹார்டாங்கர்விட்டா போன்ற மரமற்ற மேட்டுவெளிதான் என் மனத்துக்கு நெருக்கமான நிலம். பேர்கன் ரயிலில் போய், கடல் மட்டத்திலிருந்து 1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்சே நிலையத்தில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மைதான். ஆனால் அந்த வெண்மை ஒரே பனி அல்ல. காற்று அடித்து இறுக்கிய பனியில் ஸ்கீயின் விளிம்பு சற்றும் பதியாது, கீறிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும்; உருக்கு விளிம்பு இல்லாதவர் ஒரு சிறு சரிவைக் குறுக்கே கடப்பதற்குள் களைத்துப்போவார். தூரமோ நீண்டது, திருப்பங்களோ குறைவு, முதுகில் பாரமும் இருக்கும். ஆகவே இடை 55 முதல் 62 மில்லிமீற்றருக்குள், உங்கள் உயரத்தை விட 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளமாக, முழு நீளத்துக்கும் உருக்கு விளிம்புடன், நடுவில் உறுதியான மேல்வளைவுடன் உள்ள ஸ்கீயையே அங்கு எடுப்பேன். நோர்வேயின் துருவப் பயணிகளில் நான்சென் 1888இல் கிரீன்லாந்தைக் கடந்ததும், அமுன்சென் 1911 டிசம்பரில் தென்துருவத்தை அடைந்ததும் ஸ்கீயின் துணையோடுதான். நீள்வெளிப் பயணத்துக்கு நோர்வே நிறுவனங்கள் இன்றும் விற்கும் ஸ்கீகள் அந்த நேர்கோட்டு மரபிலேயே வருகின்றன.

மேல்வளைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வாங்குபவர்கள் அகலத்தைப் பற்றி எவ்வளவோ கேட்கிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இரு காலிலும் சமமாக நிற்கும்போது ஸ்கீயின் நடுப்பகுதி பனியைத் தொடாமல் உயர்ந்து நிற்க வேண்டும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு உதைக்கும்போது அது அழுந்திப் பனியைப் பற்ற வேண்டும். இதைச் சோதிக்கப் பனியே தேவையில்லை. துரொம்சோவுக்குப் படிக்கப் போகவிருந்த என் தங்கை மகனை, நான் கொண்டுவந்த பழைய சோடியின் மேல் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையிலேயே நிற்கவைத்தேன். இரு காலிலும் நின்றபோது அவனுடைய பாதத்துக்கு நேர் கீழே செருகிய தாள் முன்னும் பின்னும் தடையின்றி ஓடியது. ஒரு காலுக்கு மாறியபோதும் அது அசைந்துகொண்டே இருந்தது. பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் ஏற்றிய பிறகுதான் தாள் பிடிபட்டது. அந்த ஸ்கீ பாரம் சுமந்து போகும் அவனுக்குப் பொருந்தும், வெறுமனே உலாவப் போகும் அவனுக்குப் பொருந்தாது என்பதை அவன் அங்கேயே கண்டுகொண்டான்.

ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் குன்றுநிலத்தில்தான் தெரிவு கடினமாகிறது. இறக்கத்தில் திரும்ப வேண்டுமென்றால் இடை 65 முதல் 78 வரை அகன்று, மேல்வளைவு மெலிந்து இருக்க வேண்டும். ஆனால் அந்த மெலிவே சமவெளியில் ஓட்டத்தைக் கெடுக்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும். நான் என்றால் இறக்கத்தின் சொகுசையே விட்டுக்கொடுப்பேன், ஏனெனில் ஒரு நாளின் பெரும்பகுதி ஏற்றத்திலும் சமதரையிலுமே கழிகிறது. செங்குத்தான ஏற்றத்துக்கு ஸ்கீயின் அடியில் ஒட்டும் குறுந்தோல் ஒன்றை வைத்திருந்தால் போதும்.

உதைக்கும்போது பின்னால் வழுக்காமல் பனியைப் பற்ற, அடிப்பாகம் செதில் வெட்டியதா, மெழுகு பூசுவதா என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. பின்மார்க்கின் வறண்ட கடுங்குளிரில் பச்சை மெழுகு பூசிய ஸ்கீ ஓடும் ஓட்டத்துக்கு ஈடே இல்லை. பேர்கனைப் போன்ற மேற்குக் கரையிலோ வெப்பம் பூச்சியத்தைச் சுற்றியே ஊசலாடும். காலையில் குளிருக்கு நீலம், நண்பகலில் இளகும் பனிக்குச் சிவப்பு என்று மெழுகை மாற்றிக்கொண்டிருப்பதை விடச் செதில் வெட்டிய அடியே அங்கு நிம்மதி.

சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பைண்டிங்கையும் சப்பாத்தையும் ஸ்கீயோடு சேர்த்தே தெரிவுசெய்யுங்கள். 75 மில்லிமீற்றர் மூன்றுமுள் பைண்டிங், புரூர் வித் என்பவர் 1927இல் உருவாக்கிய ரொட்டெபெல்லா என்ற பைண்டிங்கின் வழி வந்தது. பழையதானாலும் அகன்ற ஸ்கீயைக் காலால் ஆள அது இன்றும் நம்பத்தக்கது. ஒடுங்கிய ஸ்கீக்கு என்என்என் பிசி (NNN BC) என்ற பைண்டிங் வகை போதும், ஆனால் தடத்தில் மட்டும் ஓடுவோரின் சாதாரண என்என்என் சப்பாத்து அதில் பூட்டாது. மெல்லிய சப்பாத்தை அகன்ற ஸ்கீயில் மாட்டினால் கணுக்கால் திரும்பும், ஸ்கீ திரும்பாது.

சரிவு 30 பாகையைத் தாண்டினால் பனிச்சரிவு ஆபத்து தொடங்குகிறது. அங்கே எந்த அகலமும் உங்களைக் காக்காது. போகுமுன் நோர்வேயின் வார்சொம் இணையத்தளத்தில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், மேலேயிருந்து சரியக்கூடிய மலைச்சரிவின் அடியிலும் நிற்காதீர்கள்.

புதிது விலை அதிகம் என்பதால் பலரும் பழையதையே வாங்குவீர்கள். அதில் தவறில்லை. இரண்டையும் அடிப்பாகம் முட்டும்படி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்: முன்னும் பின்னும் தொட்டு, நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். ஒரு கையால் நசுக்கியதும் முழுவதும் மூடிக்கொண்டால் வளைவு செத்துவிட்டது, வாங்காதீர்கள். உருக்கு விளிம்பை விரலால் அல்லாமல் துணியால் தடவிப் பாருங்கள்; நூல் சிக்கும் இடத்தில் விளிம்பு உடைந்திருக்கும். மூன்றுமுள் பைண்டிங்கின் முட்கள் பூட்டும், சப்பாத்தின் அடியிலுள்ள மூன்று துளைகளும் அகன்று நீள்வட்டமாகியிருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.