காப்பர் தானாகத் திரும்பி வரும்

கேபிள் ஆலையில் காப்பரை மறுசுழற்சி செய்யச் சொல்லி யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கம்பியை மெல்லிசாக இழுக்கும் வயர் டிராயிங் மிஷினில் அறுந்து விழும் முழ நீளத் துண்டுகூடப் பூட்டு போட்ட கூண்டுக்குள் போய், எடை போட்டு, ரெஜிஸ்டரில் ஏறி, செக்யூரிட்டி கையெழுத்தோடுதான் கேட்டைத் தாண்டும். சுற்றுச்சூழல் மேல் உள்ள அக்கறையெல்லாம் இல்லை, விலை அப்படி. அதனால் ஆண்டறிக்கையில் பச்சை இலைப் படத்துக்குப் பக்கத்தில் "எங்கள் உலோகக் கழிவு முழுவதும் மறுசுழற்சிக்குப் போகிறது" என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். போகாமல் வேறு என்ன செய்யும்?

நான் வேலை பார்த்தது சில்வாசா பக்கத்தில் ஓர் ஆலையின் ப்ராசஸ் பிரிவில். 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லிவிட்டது. தலைமை அலுவலகத்தில் அதற்காக ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஆலையிலிருந்து நம்பர் கொடுக்க ஓர் ஆள். எக்ஸெல் கொஞ்சம் தெரிந்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது.

அந்த அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: உள்ளே வரும் மூலப்பொருளில் எத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்யப்பட்டது? பிளாஸ்டிக்கை உருக்கிக் கம்பி மேல் உறையாகப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடரில் மிச்சமாகும் பிவிசியை அரைத்து அதே ஆலையில் திரும்பப் போடுகிறோமே, அதையும் சேர்த்துக்கொண்டால் நம்பர் அழகாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். இப்படிச் சுற்றுச்சூழல் பெருமை பேசுவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 14021 அதைத் தெளிவாகவே மறுக்கிறது, ஒரு வேலையில் உண்டான கழிவை அதே வேலையில் திரும்பப் போட்டால் அது மறுசுழற்சிக் கணக்கில் வராது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்தேன். "சார், ஆடிட்டர் இதைத்தான் முதலில் கேட்பார்" என்றதும்தான் பேச்சு நின்றது. நியாயம் என்று சொல்லியிருந்தால் நின்றிருக்காது.

சரி, வெளியிலிருந்து வரும் பழைய காப்பரைக் கூடுதலாகச் சேர்க்கலாமே என்றால் அங்கே வேறு சிக்கல். பழைய காப்பரை உருக்கி எடுப்பதற்குத் தாதுவிலிருந்து எடுப்பதைவிட 85% வரை குறைவான ஆற்றல் போதும் என்பார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் மின்கடத்திக்குப் போகும் காப்பரில் துளி அசுத்தம் இருந்தாலும் தெரிந்துவிடும். பாஸ்பரஸ் 0.04% இருந்தாலே கடத்துதிறன் ஐந்தில் ஒரு பங்குபோல விழுந்துவிடும். கேபிள் கம்பிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8130 கேட்பது எடையை இல்லை, மின்தடையை. தடை ஏறினால் அதைச் சரிக்கட்ட கம்பியைத் தடிமனாக்க வேண்டும், அதாவது காப்பர் கூடுதலாகச் செலவாகும். அப்புறம் 8 மி.மீ. ராடை 0.2 மி.மீ. வரைக்கும் இழுக்கும்போது உள்ளே ஓர் இரும்புத் துகள் இருந்தால் போதும், அந்த இடத்தில் கம்பி அறும், மிஷின் நிற்கும், ஷிப்ட் இன்சார்ஜ் என்னைத் தேடிக்கொண்டு வருவார். நன்றாகச் சுத்திகரித்த ராடாக இருந்தால் பழைய காப்பருக்கும் புதுசுக்கும் வித்தியாசமே தெரியாது. அப்படித் தரும் சப்ளையரைப் பிடிப்பதுதான் வேலை. இரும்பு அல்லாத உலோகங்கள் கழிவான பிறகு அவற்றின் மறுசுழற்சிக்கும் உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2025-இல் விதி வந்த பிறகு பர்ச்சேஸ் ஆட்களே இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது காப்பர் இல்லை, ஆலைக்குப் பின்னால் யார்டில் குவிந்து கிடந்த வெள்ளைக் கட்டிகள். எக்ஸ்எல்பிஇ லம்ப்ஸ்.

வெளியாட்களுக்கு ஒரு விளக்கம். பிவிசி சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், திரும்பச் சூடாக்கினால் திரும்ப இளகும். எக்ஸ்எல்பிஇ பாலிஎத்திலீன்தான், ஆனால் அதன் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு போட்டிருக்கும். அதனால்தான் பிவிசி கேபிள் 70 டிகிரி வரை என்றால் இது 90 டிகிரி தாங்குகிறது. அதே காரணத்தால்தான் ஒருமுறை பிணைந்ததை மறுபடி உருக்க முடியாது; வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்குகிற கதை. எங்களுடையது சிலேன் முறை. இரண்டு பொருளை 95-க்கு 5 என்று கலந்து ஓட்டுவோம், ஈரம் பட்டால் பிணைய ஆரம்பிக்கும். சில்வாசா மழைக்காலத்தில் காற்றே தண்ணீராக இருக்கும், எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து விழுந்த கட்டியை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் நாளைக்கு அது எதற்கும் ஆகாது.

வாங்க ஆள் கிடையாது. ஸ்கிராப் எடுக்கும் சேட் பிவிசியை ஆசையாக எடுத்துப்போவார், இதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அரைத்துப் பொடியாக்கி வேறு பிளாஸ்டிக்கில் நிரப்பியாகக் கொஞ்சம் சேர்க்கலாம், அதற்கு வாங்கும் அளவு குறைவு. கடைசியில் மிஞ்சியது சிமென்ட் சூளை. எக்ஸ்எல்பிஇயில் குளோரின் இல்லை, நன்றாக எரியும், சூளைக்காரர்கள் எரிபொருளாக ஏற்றுக்கொள்வார்கள். பிவிசியை அவர்கள் தொடமாட்டார்கள், குளோரின் சூளையைக் கெடுக்கும். ஆக, எரிக்கக் கூடாததை உருக்கலாம், உருக்க முடியாததை எரிக்கலாம். இதில் எரிப்பதை எப்படிச் சுழற்சி என்று சொல்வது என்று தலைமை அலுவலகத்துக் குழு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைவிடப் பெரிய தடை அக்கவுண்ட்ஸ். லாரி வாடகையும் சூளைக்கான கட்டணமும் நாம் கொடுக்க வேண்டும் என்றதும், "ஸ்கிராப்புக்கு நாம காசு கொடுக்கணுமா?" என்று அக்கவுண்ட்ஸ் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வியில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. அவர் சர்வீஸ் முழுக்க ஸ்கிராப் என்றால் வரவு.

லம்ப்ஸ் குறைந்தது கடைசியில் பிளானிங் மேஜையில்தான். நான்கு கோர் கேபிளுக்கு, அதாவது தனித்தனி உறை போட்ட நான்கு கம்பி உள்ளதற்கு, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. ஒவ்வொரு நிறம் மாறும்போதும் பழைய நிறம் போகும்வரை பொருளை வெளியே தள்ள வேண்டும். மஞ்சளில் ஆரம்பித்துக் கறுப்பில் முடித்தால் தள்ளுவது கொஞ்சம்தான். கறுப்புக்குப் பிறகு மஞ்சள் போட்டால் கட்டி கட்டியாக விழும். இது எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். ஆனால் சேல்ஸிலிருந்து "இது அர்ஜென்ட்" என்று போன் வரும், வரிசை குலையும். ஒரு ஒடிசா ஆபரேட்டர் போர்டில் நிற வரிசையைச் சாக்பீஸில் எழுதி, யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கன்சல்டன்ட் போட்டுக்காட்டிய ஸ்லைடுகளைவிட அந்தப் போர்டு அதிகம் சாதித்தது.

பிவிசியும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வராது. ஒவ்வொரு சூட்டிலும் ஹைட்ரஜன் குளோரைடு பிரியும், அதைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் தீர்ந்துகொண்டே வரும். எங்கள் ஆலையில் அரைத்த பிவிசியை இன்சுலேஷனில் சேர்க்க மாட்டோம், உள் உறைக்கு மட்டும். பழைய கேபிள்களை வெளியிலிருந்து வாங்கினால் அதில் ஈயம் கலந்த ஸ்டெபிலைசர் இருக்க வாய்ப்பு அதிகம், ஐரோப்பாவில் 2015-க்குள் கைவிட்ட பொருள் அது. சுழற்சி என்ற பெயரில் ஈயத்தையும் சேர்த்துச் சுழற்றுவதா என்பது நிஜமான கேள்வி.

வேஸ்ட் கேபிள் துண்டுகளை முழுசாக விற்பதை நிறுத்தியது எனக்குப் பிடித்த முடிவு. முழுசாக விற்றால் எங்கோ ஒரு வயலோரத்தில் கொளுத்திக் காப்பரை எடுப்பார்கள். பிவிசி எரியும்போது டையாக்சின் என்ற கடும் நச்சு உண்டாகும், பக்கத்தில் காப்பர் இருந்தால் இன்னும் வேகமாக. கேபிளை அரைத்துக் காப்பரையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கும் கிரானுலேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பிரித்தே விற்றோம். தலைமுடிபோன்ற மெல்லிய கம்பிகள் பிளாஸ்டிக்கோடு போய்விடுகின்றன என்ற புகார் மட்டும் தீரவில்லை.

கேபிளைச் சுற்றி அனுப்பும் மர டிரம் கதை சின்னது. திரும்பி வரும் இரும்பு டிரம் கொண்டுவந்தோம். தூரத்து சைட்டிலிருந்து காலி டிரம் ஏற்றிவர லாரிச் செலவு கட்டவில்லை. மர டிரம்மோ சைட்டிலேயே பெஞ்சாகவும் விறகாகவும் மாறி முழுப் பயனும் கொடுத்துவிடுகிறது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு கேபிள் தன் ஆயுளில் வீணாக்குவதில் பெரும்பகுதி ஆலையில் நடப்பதில்லை, சுவருக்குள் நடக்கிறது. 2.5 சதுர மி.மீ. காப்பர் வயரின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம், 4 சதுர மி.மீ.க்கு 4.61. முப்பது மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியர் ஓடினால், போகவரச் சேர்த்து முதலாவதில் சுமார் 100 வாட் வெறும் சூடாகப் போகும், இரண்டாவதில் 62. ஒரு கீஸரோ பம்ப்போ வருஷக்கணக்கில் ஓடினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இதை டீலர்களுக்கான துண்டறிக்கையில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் 2.5 வயர் மட்டம் என்று கஸ்டமர் நினைத்துவிடுவார் என்று சேல்ஸ் எடுத்துவிட்டது. அந்த இடத்தில் மரக்கன்று நடும் போட்டோ வந்தது.