சிம்கோ ஏரியின் சோனாரோடு குறிகட்டுவான் கடலில்

சிம்கோ ஏரி உறைந்துவிட்டால் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாணப் பெடியள் சிலருக்கு வேறு வேலை ஓடாது. வடக்கே கொஞ்ச நேரக் கார் ஓட்டம்தான். ஐஸில் துளை போட்டு, கூடாரத்துக்குள் ஹீட்டரோடு குந்தியிருந்து தூண்டில் விடுவார்கள். என்னை அந்தக் குளிருக்குள் இழுத்தது மீன் அல்ல, சோனார்: தண்ணீருக்குள் ஒலி விட்டு, அது பட்டுத் திரும்புவதை வைத்து அடியையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. இந்த முறை ஊருக்குப் போகும்போது அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பற்றறியை மட்டும் கொண்டுபோகவில்லை. 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பற்றறி யாழ்ப்பாணத்தில் தாராளமாகக் கிடைக்கும், அதுவே போதும்.

ஐஸுக்குக் கீழே இந்தக் கருவி சுத்தமாக வேலை செய்யும். அலை இல்லை, எஞ்சின் இல்லை, நாங்களும் ஆடுவதில்லை. 4 பாகை செல்சியஸ் தண்ணீர்தான் அடர்த்தி கூடியது. அது அடியில் தங்குவதால் ஏரி மேலே மட்டும் உறையும், மீன் கீழே திரியும். உணரியைத் துளைக்குள் தொங்கவிட்டால் வட்டத் திரையில் ஏரியின் அடி தடித்த சிவப்பாகத் தெரியும். எங்கள் தூண்டில் மெல்லிய பச்சைக் கோடு. கையை லேசாக ஆட்டினால் பச்சையும் ஆடும். திடீரென்று அடியிலிருந்து இன்னொரு கோடு பிரிந்து மேலே வரும். முதலில் பச்சை, பிறகு செம்மஞ்சள், நேர் கீழே வந்துவிட்டால் சிவப்பு. இரண்டு கோடும் ஒட்டும்வரை கூடாரத்துக்குள் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். பல தடவை மீன் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நண்பன் ஒருவன் கார்மின் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் சோனார் வைத்திருக்கிறான். உணரி பூட்டிய கம்பைத் திருப்பினால் பக்கவாட்டில் திரியும் மீனும் ஓடும் படமாகத் தெரியும். எனக்கென்னவோ அந்த வெறும் கோடுகள்தான் பிடிக்கும்.

சரி, ஊருக்கு வருவோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போய்க் குறிகட்டுவானில் இறங்கினேன். நயினாதீவுக்குப் போகும் சனம் ஒரு பக்கம் படகு ஏற, நான் சொந்தக்கார அண்ணை ஒருவரின் ஃபைபர் படகில் ஏறினேன்.

கரையோரம் 2 மீற்றர் ஆழம்தான். என் உணரியிலிருந்து ஒலி 20 பாகைக் கூம்பாகக் கீழே விரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஆழத்தில் அது பார்ப்பது 70 சென்ரிமீற்றர் அகல வட்டம். அதற்குள்ளும் சாதாளை என்ற கடலடிப் புல் திரையை நிரப்பிவிட்டது. எஞ்சின் கிளப்பிய காற்றுக்குமிழிகள் வேறு. இந்தக் கரைக்கு இந்தக் கருவி தேவையே இல்லை.

வெளியே போகப்போகக் கொஞ்சம் உருப்படியாகத் தெரிந்தது. வட்டத் திரையை விட்டு, பக்கவாட்டில் நகரும் படத்துக்குக் கருவியை மாற்றியிருந்தேன். ஐஸில் கோடாக நிற்கும் மீன், இங்கே வளைவாக வந்தது. படகு நகர்வதுதான் காரணம். கூம்பின் ஓரத்தில் நுழையும்போது மீன் தூரத்தில் இருக்கும், நடுவுக்கு வர நெருங்கும், மற்றப் பக்கம் போக மறுபடி தூரமாகும்.

அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார்.

“மூண்டு பாகம். அடி சேறு.”

திரையில் 5.2 மீற்றர். மூன்று பாகம் என்றால் 5.5 மீற்றருக்குக் கிட்ட. யார் சரி? உறைபனி ஏரியில் ஒலி விநாடிக்கு 1,400 மீற்றர் சொச்சம்தான் ஓடும். 30 பாகைச் சூட்டுக் கடலில் 1,540 தாண்டும். என் கருவி ஏதோ ஒரு நடு வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவதால், இங்கே ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். நான் அண்ணையின் கை பக்கம்.

கொஞ்சம் தள்ளிப் போனதும் அடிக்கோட்டுக்குக் கீழே, சரியாக இரட்டை ஆழத்தில், இன்னொரு கோடு. தரை இறுகியிருந்தால் ஒலி மேற்பரப்பில் பட்டு மறுபடி அடிக்குப் போய்த் திரும்பும். “கல்லுப் பார் போல கிடக்கு” என்றேன். குண்டு இறங்கியது. கயிற்றை இரண்டு விரலால் பிடித்திருந்தவர், “ஓம், கல்லுத்தான்” என்றார். அந்த ஒரு விஷயத்துக்குத்தான் அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

அப்புறம் அவருடைய தூண்டிலில் ஒரு திருக்கை ஏறியது. திரையில் ஒன்றுமே இல்லை. சோனாருக்கு மீனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் காற்றுப்பைதான். திருக்கைக்கு அது கிடையாது, போதாக்குறைக்குத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இரவு வறைக்கு அது வந்தது வேறு கதை.

திரும்பும் வழியில் கடலட்டைப் பண்ணை வேலிகளைக் கடந்தோம்.

“தம்பி, உதில அட்டை தெரியுமோ?”

“இல்லை அண்ணை, அதுக்கும் காத்துப்பை இல்லை.”

“அப்ப நீரே வைச்சிரும்.”