கப்பு ஸ்வீடன்ல, சாசர் ஃபின்லாந்துல

போன அக்டோபர்ல நானும் அக்காவும் பத்து நாள் ஸ்வீடன், ஃபின்லாந்துன்னு சுத்திட்டு வந்தோம். வந்ததும் எல்லாரும் போட்டோ கேட்டாங்க, என் போன்ல முக்கால்வாசி கவுத்து வெச்ச தட்டும் கப்பும்தான். ஊர் சுத்தப் போனா எனக்கு முதல்ல கண்ணு தேடுறது அங்க இருக்குற ரீயூஸ் சென்டர், பழைய சாமான் கடை இதெல்லாம்தான். அக்காவுக்கும் அதே கிறுக்கு உண்டு, ஆனா அவ தேடுறது துணி, பட்டன், நூல்கண்டு, நான் தேடுறது பீங்கான். அதனால ஒரே கடைக்குள்ள போனாலும் ரெண்டு பேருக்கும் சண்டை வராது.

இந்தத் தடவ ரொம்ப நாளா போகணும்னு வெச்சிருந்த இடம் எஸ்கில்ஸ்டூனா. ஸ்டாக்ஹோம்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம். அங்கதான் ரீட்டூனான்னு ஒரு மால் இருக்கு, 2015ல தொறந்தாங்க, உள்ள இருக்குற கடைகள்ல பெரும்பாலும் புதுச் சரக்கு கெடையாது, மத்தவங்க வீட்ல இருந்து வந்த சாமான், இல்லன்னா அதுல இருந்து மாத்திச் செஞ்சது. நகராட்சியோட கம்பெனிதான் நடத்துது. பக்கத்துலயே குப்பை பிரிக்கிற இடம், ஜனங்க கார்ல வண்டியில கொண்டுவந்து தள்ளும்போதே, இது இன்னும் ஒருத்தருக்கு உபயோகப்படும்னு தோணுறத ரெட்டூரேன்னு ஒரு கவுன்ட்டர்ல குடுத்துடலாம். அங்க ஆளுங்க முதல்ல ஒரு தடவ பிரிக்கிறாங்க, அப்புறம் ஒவ்வொரு கடைக்காரங்களும் வந்து தங்களுக்கு ஆகுறத எடுத்துக்கிறாங்க, ஸ்போர்ட்ஸ் சாமான் ஒரு கடைக்கு, ஃபர்னிச்சர் ஒரு கடைக்கு, பொம்மை ஒரு கடைக்குன்னு.

இதக் கேட்டதும் காயலாங்கடை மாதிரி இருக்கும்னு நெனச்சுடாதீங்க. தரை பளபளன்னு இருக்கு, வெளிச்சம் நல்லா இருக்கு, துணியெல்லாம் சைஸ் வாரியா தொங்குது, காபி குடிக்க கஃபே கூட இருக்கு. 2020ல ஐக்கியா கூட அதே மாலுக்குள்ள தன்னோட பழைய ஃபர்னிச்சர சரி பண்ணி விக்கிறதுக்குன்னு ஒரு கடை போட்டுச்சு. இந்த மாதிரி இடங்களோட அழகே என்னன்னா, சாமான வாங்குறவங்களும் குடுக்குறவங்களும் ஒரே வாசல் வழியா வர்றாங்க. எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு சின்ன சைக்கிள எறக்கிக் குடுத்துட்டு, பையனக் கூட்டிக்கிட்டு நேரா உள்ள போய் அடுத்த சைஸ் சைக்கிள் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அங்கயே நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

அங்கதான் எனக்கு கோட்டு கெடச்சது. கரும்பச்சைன்னும் சொல்ல முடியாது கருப்புன்னும் சொல்ல முடியாது, முழங்கால் வரைக்கும் நீளம், உள்ள லேபிள்ல நூறு சதவீதம் உல்னு போட்டிருக்கு, உல்னா ஸ்வீடிஷ்ல கம்பளி. கம்பளி வாங்கும்போது நான் எப்பவும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாப்பேன், பூச்சி அரிச்சிருந்தா குண்டூசி முனை மாதிரி வெளிச்சம் தெரியும். இதுல ஒண்ணும் தெரியல. ஆனா இடது முழங்கைல கைய விட்டுப் பாத்தா கொஞ்சம் தடிமனா இருந்துச்சு, திருப்பிப் பாத்தா யாரோ தறி நெய்யுற மாதிரி குறுக்கயும் நெடுக்கயும் நூல் விட்டு இழை தச்சிருக்காங்க, நூலோட கலர் மட்டும் கொஞ்சம் வெளிறி இருந்துச்சு, அதனாலதான் தெரிஞ்சுது. நானும் அக்காவும் அந்த ஒரு இன்ச் தையல ரொம்ப நேரம் தடவிப் பாத்தோம். அக்கா சொன்னா, "இத ஒரு மணி நேரத்துல தச்சிருக்க முடியாதுடி, உக்காந்து பொறுமையா தச்சிருக்காங்க." அஞ்சு பட்டன்ல மூணாவது பட்டன் இல்ல. அதனாலயோ என்னவோ 180 குரோனாதான் (ஸ்வீடன் காசு) போட்டிருந்தாங்க. அக்டோபர் குளிருக்கு நான் கொண்டுபோன ஜாக்கெட் எந்த மூலைக்கு, அங்கயே போட்டுக்கிட்டு வெளிய வந்தேன்.

கப்பு கெடச்சதும் அதே மால்ல இன்னொரு கடையில. மஞ்சள் கப்பு, ஒரு அலங்காரமும் இல்ல, பூ இல்ல கோடு இல்ல. கவுத்திப் பாத்தா அடியில அராபியா, ஃபின்லாந்துன்னு முத்திரை, அராபியான்னா ஃபின்லாந்தோட பழைய பீங்கான் கம்பெனி. பீங்கான் வாங்குறவங்க மேல இருக்குற டிசைன பாக்குறதுக்கு முன்னாடி அடியத்தான் பாக்கணும், ஏன்னா இந்தப் பழைய கம்பெனிங்க காலத்துக்குக் காலம் முத்திரைய மாத்தியிருக்காங்க, அத வெச்சே எந்தக் காலத்துச் சாமான்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். அப்புறம் விளிம்ப விரலால ஒரு சுத்து சுத்தணும், கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். கடைசியா பானை வாங்குறப்ப தட்டிப் பாக்குறோம்ல, அதே மாதிரி நகத்தால ஒரு தட்டு. கணீர்னு கேட்டா நல்ல சாமான், டொக்குன்னு கேட்டா உள்ளுக்குள்ள விரிசல் ஓடியிருக்கு, எவ்ளோ அழகா இருந்தாலும் வெச்சுட்டு வந்துடணும். இது கணீர்னுச்சு. சாசர் இல்ல. பரவால்லன்னு 40 குரோனா குடுத்து எடுத்துக்கிட்டேன்.

ஒரு விஷயம், ஸ்வீடன் போறவங்க கார்டு இல்லாம வெளிய கெளம்பாதீங்க, நெறைய கடையில நோட்டே வாங்குறதில்ல. கடைங்க கூட பரவால்ல, கார்டு வேலை செய்யும். வீட்டு வாசல்லயும் தெருவுலயும் போடுற சின்ன லொப்பிஸ் இருக்கு பாருங்க, அதாவது பழைய சாமான் சந்தை, அங்க ஸ்விஷ்னு ஒரு மொபைல் பேமென்ட்தான் கேப்பாங்க, அதுக்கு ஸ்வீடன் பேங்க் அக்கவுன்ட் வேணும். ஸ்டாக்ஹோம்ல ஒரு லொப்பிஸ்ல நீலக் கண்ணாடி ஜாடி ஒண்ணு, உள்ள காத்துக் குமிழி மிதக்குற மாதிரி ஊதினது, கையில எடுத்துட்டேன், காசு குடுக்க வழியில்லாம திருப்பி வெச்சுட்டு வந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகல.

அங்க இருந்து ராத்திரி கப்பல் ஏறி காலைல ஹெல்சின்கி. அந்தக் கப்பல் பயணத்தப் பத்தி தனியாவே எழுதலாம், தீவுக்கூட்டத்துக்கு நடுவுல நெளிஞ்சு நெளிஞ்சு போகும், ஆனா இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஹெல்சின்கில கியெர்ராத்யுஸ்கெஸ்குஸ்னு வாயில நுழையாத பேர்ல ஒரு ரீயூஸ் சென்டர், 1990ல இருந்து நடக்குது, அந்த சுத்துவட்டாரத்துல நெறைய கடை வெச்சிருக்காங்க. லாபத்துக்காக நடத்துறது இல்ல, வேலை கெடைக்காம இருக்குறவங்களுக்கு இங்க வேலை குடுத்துப் பழக்குறதும் இவங்க வேலைல ஒண்ணு. பக்கத்து ஊர் எஸ்போவுல நிஹ்திசில்தாங்குற இடத்துல இருக்குற கடைக்குப் போனோம். அவ்ளோ பெருசா இருக்கும்னு நெனைக்கல. சோஃபா, ஸ்கீ கட்டை, தையல் மெஷின், புக்கு, ஜன்னல் திரை, குழந்தை நாற்காலின்னு போயிட்டே இருக்கு. காசு வாங்காம எடுத்துட்டுப் போறதுக்குன்னு கொஞ்சம் சாமான தனியா வெச்சிருக்காங்க, அங்க ஒரு காலேஜ் பையன் வாணலி, கரண்டி, தட்டுன்னு ஒண்ணொண்ணா பையில போட்டுக்கிட்டு இருந்தான், புதுசா வீடு பாத்துப் போறான் போல. அந்த முகத்துல இருந்த சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இந்த மாதிரி இடம் ஊருக்கு ஊர் இருக்கணும்னு தோணுச்சு.

நான் நேரா பீங்கான் அலமாரிக்குப் போனேன். ஒரு மணி நேரம் ஒவ்வொண்ணா கவுத்துக் கவுத்துப் பாத்தேன், கையெல்லாம் தூசி. அடுக்கி வெச்ச சாசர் கட்டுல கீழ இருந்து ரெண்டாவது, அதே அளவு, அதே வழுவழுப்பு, கொண்டுபோன கப்ப பையில இருந்து எடுத்து வெச்சுப் பாத்தா நடுக் குழில டக்குன்னு உக்காந்துச்சு. ஆனா பச்சை. மஞ்சள் கெடைக்குமான்னு திரும்பவும் அலசுறேன், பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த ஒரு பாட்டிம்மா இங்கிலீஷ்ல, "அது கில்தா, எல்லாம் ஒரே கலரா தேட வேண்டியதில்லம்மா, கலந்து வெக்கத்தான் அதச் செஞ்சாங்க" அப்படின்னாங்க.

அது உண்மைதான். கய் ஃப்ராங்க்னு ஃபின்லாந்து டிசைனர் அராபியாவுக்காகச் செஞ்ச வரிசை அது, 1953ல கடைக்கு வந்துச்சு. அது வரைக்கும் பீங்கான்னா மொத்த செட்டா வாங்கணும், ஒண்ணு ஒடைஞ்சா செட்டே போச்சும்பாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வீடெல்லாம் சின்னதா இருந்த காலம், இவரு என்ன பண்ணாருன்னா ஒண்ணொண்ணா வாங்கிக்கலாம், எந்தக் கலரோட எந்தக் கலர வேணும்னாலும் சேத்துக்கலாம், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம்னு வட்டம், சதுரம் மாதிரி எளிமையான வடிவத்துலயே எல்லாத்தையும் செஞ்சாரு. எழுபதுகளோட நடுவுல கில்தாவ நிறுத்திட்டாங்க, 1981ல அதையே இன்னும் உறுதியான மண்ணுல தேமான்னு திரும்பக் கொண்டுவந்தாங்க, அது இன்னைக்கும் கடையில இருக்கு. ஹெல்சின்கில இருந்த அராபியா ஃபேக்டரில பீங்கான் சுடுறது 2016ல நின்னுபோச்சு. அந்த ஊர் மண்ணு மேல சுட்ட கப்பு ஸ்வீடன்ல யார் வீட்லயோ இருந்துட்டு, என் பையில கடல் தாண்டித் திரும்ப வந்து பச்சை சாசர் மேல உக்காந்திருக்கு, நான் பாட்டிம்மா கையப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னேன். அவங்க கப்பத் தூக்கி அடியப் பாத்துட்டு, எங்க வீட்லயும் இதான் இருந்துச்சுன்னு சொல்லி ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தாங்க. சாசர் ஒரு யூரோ.

இன்னொண்ணு சொல்லணும், ஃபின்லாந்துல மே மாசமும் ஆகஸ்ட் மாசமும் சீவோஸ்பைவான்னு ஒரு நாள் உண்டு, 2012ல இருந்து நடக்குது, அன்னைக்கு யார் வேணாலும் பார்க்குலயும் தெருவுலயும் போர்வைய விரிச்சு வீட்டுச் சாமான விக்கலாம். நாங்க போனது அக்டோபர், தவறிப்போச்சு. போறதா இருந்தா அதப் பாத்து டிக்கெட் போடுங்க.

அக்கா எங்கன்னு தேடினா, கைவேலைக்காரங்களுக்குன்னு நேப்ரான்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்குள்ள தரையில உக்காந்துட்டா. துண்டுத் துணி, மிச்ச நூல், மணி, டப்பா டப்பாவா பட்டன். என் கோட்ட கழட்டி மடியில போட்டுக்கிட்டு ஒவ்வொரு பட்டனா வெச்சு வெச்சுப் பாக்குறா. "அக்கா, கடை மூடிடுவாங்கக்கா." "செத்த இருடி, இது கலர் சரியா வருது, வட்டம் பெருசா இருக்கு, ஓட்டைல நுழையாது." கடைசில ஒண்ணு எடுத்தா, அளவு சரி, கலர் சரி, மத்த நாலு பட்டன்லயும் ரெண்டு ஓட்டை, இதுல மட்டும் நாலு ஓட்டை. அன்னைக்கு ராத்திரி ரூம்ல லைட்டுக்கு அடியில உக்காந்து தச்சுக் குடுத்தா, நூல அறுத்துட்டு, பட்டன ரெண்டு இழு இழுத்துப் பாத்துட்டு, முழங்கைல இருந்த அந்தப் பழைய தையலத் திரும்ப ஒரு தடவ திருப்பிப் பாத்தா.