சவுரி வைப்பமா அக்கா?

கணவரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பார்லரில் தலை பின்ன உட்கார்ந்திருந்தேன். பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்த பெண், "சவுரி வைப்பமா அக்கா? பூ நிக்காது போல கிடக்கு" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதுரையில் எங்கள் தெருவில் என் பின்னலுக்கு நாலு முழம் மல்லி போதாது என்பார்கள்.

முடி கொட்டுகிறது என்றால் எல்லோரும் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். போனில் அம்மா, "அங்க உப்புத் தண்ணியாடி?" என்பாள். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி, "இந்த ஊர்த் தண்ணி அப்பிடித்தான் பிள்ளை, நீலியாதித் தைலம் வைச்சுப் பாருங்கோ" என்று ஒரு போத்தலையே கொண்டுவந்து கொடுத்தார். ஆளுக்கொரு எண்ணெய். முடி மட்டும் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

தோல் டாக்டர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூணு மாசத்துக்கு முதல் காய்ச்சல் ஏதும் வந்ததா?" என்றார். வந்தது. மழைக்காலத்தில் கொழும்பைப் பிடித்து ஆட்டும் டெங்கு. ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி டயட் எதுவாக இருந்தாலும் நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடலாம். அதெல்லாம் சில மாதம் கழித்துச் சேர்ந்து கொட்டும். அதனால்தான் காரணம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

கொட்டிய முடி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். ஒரு முனையில் நொய்யரிசி மாதிரி சின்ன வெள்ளைக் குமிழ். வேரோடு வந்துவிட்டது என்று நாம் பயப்படுவோமே, அது வேர் இல்லையாம். வேர் தலைக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து புதுமுடி வரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் பழைய நீளத்துக்குப் பொறுமை வேண்டும். வகிடு வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு, பரம்பரையாக வருவது. அதற்கு மினாக்ஸிடில் போன்ற மருந்தை டாக்டர் சொல்லித் தொடர்ந்து போட வேண்டும், கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது என்றார். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. எனக்கு ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதியவர், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தச் சொன்னார். தேயிலை, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. தேசிக்காய்ப் புளி, நம்ம எலுமிச்சைதான், அதைச் சேர்க்க உதவும். ஆக வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிகிற இந்த ஊர்ப் பழக்கம் நல்லதே. மத்தியானத் தேத்தண்ணி மட்டும் தள்ளிப்போயிற்று.

எனக்கு ஆற்றாமையெல்லாம் இதில்தான். பெண்ணுக்கு முடி கொட்டினால் வீடே கூடி எண்ணெய் சொல்கிறது. அவள் சாப்பிட்டாளா, மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, உடம்பில் ரத்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. போத்தலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும்.

அதற்காக எண்ணெயை நான் விடவில்லை. தேங்காய் எண்ணெய் புதுமுடியை முளைக்க வைக்காது; ஆனால் குளிக்கும் முன் தடவினால் இருக்கிற முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். மெல்லிய முடிக்கு அது பெரிய உதவி. ஈர முடி இழுபடும், லேசில் அறுந்துவிடும் என்பதால் பாதி காய்ந்த பிறகு பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்கிறேன். இறுக்கிப் பின்னுவதில்லை. நெற்றி ஓரத்தில் முடி போவது பலருக்கு அந்த இறுக்கத்தால்தான்.

கொழும்பு எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. 101 பஸ்ஸில் எந்த இடத்தில் நின்றால் காற்று வரும் என்று தெரியும், மீன்காரரோடு பேரம் பேசத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில்தான் சங்கடம். மதுரை வீட்டில் அம்மா வெந்தயமும் பூலாங்கிழங்கும் போட்டு அரைத்த சீயக்காயைக் கஞ்சித் தண்ணியில் குழைத்துத் தேய்ப்பாள். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே சாம்பிராணிப் புகை போட்டு, மேலே கூந்தலை விரித்துவிடுவாள். "ஆடாதடி, அப்படியே இரு." அத்தை பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருப்பார். இங்கே பிளாட்டில் சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறுகிறது. கடல் காற்றில் பிசுபிசுத்துத் தலை மத்தியானம் வரை காய்வதில்லை.

மேல்மாடித் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து இது நாலாவது மாதம். போன வாரம் படியில் நிறுத்தி, "எல்லாம் கொட்டிப் போகுது அக்கா, மாமி மூண்டு போத்தல் வாங்கித் தந்திட்டா" என்றாள். பிரசவத்துக்குப் பிறகு இப்படிக் கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் சரியாகும் என்றேன். ஆனாலும் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்துவிடச் சொன்னேன். சனிக்கிழமை போகிறாள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.