உள்ளே சிக்கிய வட்டு: டிவிடி டிரைவைத் திறந்து பார்த்த குறிப்புகள்

ஆடி 4

கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டு மேசைக் கணினியைக் கொண்டு, குடும்பத்தின் பழைய டிவிடிகளை ஒவ்வொன்றாக ஹார்டு டிஸ்கில் ஏற்றி வைக்கும் வேலையைச் சென்ற வாரம் தொடங்கியிருந்தேன். அக்காவின் திருமண வீடியோ மூன்று வட்டுகளில் இருக்கிறது. முதலாவது சிக்கலின்றி நகலாயிற்று. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டதால், வெளியே எடுத்துத் துடைத்துப் போடலாம் என்று டிரைவின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மின்னியது, உள்ளே மோட்டார் ஒரு நொடி உறுமியது, தட்டு மட்டும் அசையவில்லை. நலங்குப் பாட்டுப் பாடும் அப்பத்தாவின் குரல் அந்த இரண்டாம் வட்டில்தான் இருக்கிறது. எங்களிடம் வேறு எந்தப் பதிவிலும் அது இல்லை. ஆகவே, கத்தி முனையைக் கொடுத்து நெம்பிப் பார்க்கும் எண்ணத்துக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

இத்தகைய நேரத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தட்டைப் பிடித்து வைத்திருப்பது கணினியா, டிரைவா என்பது. வட்டிலிருந்து ஏதேனும் ஒரு மென்பொருள் படித்துக்கொண்டிருந்தால் தட்டு பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் ஓசை எழாது. நான் எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு, டிரைவின் படத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து எஜெக்ட் கொடுத்துப் பார்த்தேன். பிறகு கணினியை மறுபடி இயக்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தினேன். இரண்டு முறையும் அதே உறுமல்தான் கேட்டது. மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, கட்டளையும் போய்ச் சேருகிறது, ஆனால் அதன் சுழற்சி தட்டு வரை எட்டவில்லை என்பது உறுதியாயிற்று.

கணினியை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, வட்டு சுற்றி ஓயும் வரை சற்றுப் பொறுத்திருந்தேன். டிரைவின் முகப்பில் தட்டுக்குக் கீழே ஊசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதில் சாய்க்காமல் நேராக நுழைக்க வேண்டும். குண்டூசியின் நீளம் போதாது. ஈர்க்குச்சியை நுழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது உள்ளே ஒடிந்துவிட்டால் பல்சக்கரங்களுக்கிடையில் மாட்டிக்கொள்ளும். கம்பி ஓரிடத்தில் தட்டுப்பட்டதும் மெதுவாக அழுத்தினேன். ‘டக்’ என்று ஓசை கேட்டது, தட்டு அரை அங்குலம் முன்னே வந்தது. மீதியைக் கையால் இழுத்துக்கொண்டேன். தொலைபேசியில் அக்கா கேட்ட முதல் கேள்வி, “கீறல் விழாம வந்துருச்சாடா தம்பி?” என்பது.

கீறல் விழவில்லை. வட்டின் அடிப்பக்கத்தில் இருந்த விரல் ரேகைப் பிசுக்கைத்தான் லேசரால் கடக்க முடியவில்லை. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாக மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்தேன். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது பதிவு ஓடும் திசையிலேயே நெடுக அமைந்துவிடும். அன்று இரவே நகல் முடிந்தது.

ஆடி 5

இன்னும் பதினான்கு வட்டுகள் காத்திருப்பதால், ஒவ்வொரு முறையும் ஜெம் கிளிப்போடு உட்கார முடியாது. வட்டோடு பன்னிரண்டு முறையும், காலித் தட்டோடு பன்னிரண்டு முறையும் திறந்து பார்த்தேன். வட்டு இருந்தபோது ஒன்பது முறை திறந்தது. காலியாக இருந்தபோது இரண்டே முறை. இது முதலில் விளங்கவில்லை, யோசித்தபின் விளங்கியது. வட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் வில்லைக்கும், கீழே சுழலும் குடத்துக்கும் இடையில் காந்த ஈர்ப்பு இருக்கிறது. வட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர். அது இடையில் இல்லாதபோது இரண்டும் இன்னும் நெருங்கி, ஈர்ப்பு கூடிவிடுகிறது. தட்டு வெளியே வருவதற்கு முன் அந்தப் பிடியை விடுவிக்க வேண்டியிருப்பதால், மோட்டாருக்கு மிகக் கடினமான வேலை அந்த முதல் நொடியில்தான். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால், அது அங்கேதான் வழுக்கும்.

ஆடி 6

டிரைவைக் கழற்றினேன். கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் வீடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் பொடிமணலும் சன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். டிரைவின் துத்தநாகப் பூச்சிட்ட தகட்டின் மேல் வெண்பொடி பூத்திருந்தது. அடியிலிருந்த நான்கு திருகுகளில் ஒன்று துருவேறி அசைய மறுத்தது. அளவு சரியாகப் பொருந்தும் திருப்புளியை ஊன்றி அழுத்தி, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பிய பிறகே கழன்று வந்தது. மீண்டும் ஊசித் துளை வழியாகத் தட்டை வெளியே எடுத்து, அதன் முகப்புப் பட்டையைக் கழற்றினால்தான் முன்பலகை பிரியும். மேல் மூடி இல்லாத நிலையில் மின்சாரம் கொடுத்து லென்ஸை உற்றுப் பார்க்கவே கூடாது. டிவிடியைப் படிக்கும் 650 நானோமீட்டர் லேசர் சிவப்பாகத் தெரியும். சிடியைப் படிக்கும் 780 நானோமீட்டர் ஒளியோ ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைத் தாக்கக்கூடியது.

தட்டின் முன்புறத்துக்கு அடியில் மோட்டாரின் சிறு கப்பியையும் அதைவிடப் பெரிய இன்னொரு கப்பியையும் இணைத்தபடி கருப்பு ரப்பர் பெல்ட் கிடந்தது. குறடால் எடுத்து மேசைமேல் வைத்தபோது அது வட்டமாக விரியவில்லை. இரண்டு கப்பிகளின் மேல் கிடந்த நீள்வட்ட வடிவத்திலேயே விறைத்து நின்றது. உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. பல ஆண்டுகள் இழுபட்ட நிலையிலேயே இருந்ததால் ரப்பர் தன் மீள்தன்மையை இழந்துவிட்டது.

அதைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, துடைத்து உலர்த்தினேன். கப்பிகளை, கைபேசி பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தட்டு வழுக்கி வரும் தடங்களில் கெட்டிப்பட்டிருந்த பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, புதிதாகக் கடுகளவு தடவினேன். பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது. நம் ஊரில் இறுகிய எதற்கும் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பெல்ட்டின் வேலையே கப்பியைப் பற்றிக்கொள்வதுதான்.

ஆடி 11

கொதிநீர் வைத்தியம் ஐந்து நாள் தாங்கியது. இன்று காலை காலித் தட்டு மறுபடியும் நின்றுவிட்டது.

ஆடி 19

இராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் பழைய டேப் ரெக்கார்டர், விசிடி பிளேயர்களுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில், பல அளவுகள் கலந்த பெல்ட் பொட்டலம் கிடைத்தது. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று. சதுரக் குறுக்குவெட்டு உள்ளதாக, அதைவிடச் சற்றே சிறிய வளையத்தைத் தேர்ந்தேன். மிகச் சிறியதாகப் போட்டால் மோட்டாரின் அச்சு ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும். காய்கறிப் பை கட்டும் ரப்பர் பேண்டு இதற்கு மாற்றாகாது. எங்கள் வெக்கையில் அது சில மாதங்களிலேயே இளகிப் பிசுபிசுத்துக் கப்பியில் அப்பிக்கொள்ளும்.

புதிய பெல்ட்டை மாட்டியபின் காலித் தட்டை நாற்பது முறை திறந்து மூடினேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. அக்காவின் மூன்றாம் வட்டும் இன்று ஏறிவிட்டது. வேலை இல்லாத நேரங்களில் காந்தப் பிடி தளர்ந்திருப்பதற்காக, பயன்படாத பழைய வட்டு ஒன்றைத் தட்டிலேயே வைத்து மூடுகிறேன். பொட்டலத்தில் மீந்த பெல்ட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.